கதவில்லாத பக்கம்

டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பையனின் இடது விழி எல்லாப் பக்கமும் ஓடுகிறதா?

இமையோரத்தில் கொசு கடித்த இடத்தை ஐந்து வயதுப் பையன் நகத்தால் சொறிந்திருந்தான். இப்போது இமை பழுத்த தக்காளியாக வீங்கி, கண்ணே மூடிக்கிடந்தது. கூடவே காய்ச்சல். தொற்று இமையோடு நின்றிருந்தால் மருந்தில் அடங்கும். கண்ணுக்குப் பின்னால் இறங்கியிருந்தால் உடனே அறுவை, தாமதித்தால் பார்வையே போகலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். அம்மா அதைக் கேட்டதிலிருந்து உதட்டுக்குள் சாமியை அழைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இமையை மெல்லத் தூக்கி, டார்ச்சைப் பார்க்கச் சொன்னார். பையன் தலையையே மேசை விசிறி மாதிரி திருப்பினான். அப்பா பஸ் கண்டக்டர். நல்ல டிரைவர் கழுத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்ப்பான் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. வீட்டில் குப்புறக் கவிழ்த்த வாளிமேல் அவன் ஓட்டாத வழித்தடம் கிடையாது. அப்பா தலையைப் பிடித்தால் உடம்பு திரும்பியது. அம்மா உடம்பைப் பிடித்ததும் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு, வண்டி டிப்போவுக்குப் போய்விட்டது என்று அறிவித்தான்.

அடுத்த முறைக்காக வெளியே காத்திருந்த பாத்திரக்கடைக்காரர், இவ்வளவு நேரமா என்று சண்டை போடத்தான் உள்ளே வந்தார். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டிருந்ததால் அவருக்கு எதிரில் இருப்பவர் யாரென்றே சரியாகத் தெரியவில்லை. ஆனால் பையனின் டிப்போ அறிவிப்பும் அம்மாவின் விசும்பலும் காதில் விழுந்தன. சண்டையை விழுங்கிவிட்டு, "டிரைவர் சார், ஒரு ஆள் ஏறணுமே" என்றார் பணிவாக.

நல்ல கண் திறந்தது.

டாக்டரம்மா சட்டென்று மேசைமேலிருந்த கண் பரிசோதனைக் கருவியின் லென்ஸை ஒதுக்கிவிட்டு, அதன் தாடை தாங்கிதான் டிரைவர் சீட் என்றார். தாடை எழும்பினால் இன்ஜின் நின்றுவிடுமாம். பையன் தாடையை வைத்தான். அப்பா வாயாலேயே விசில் கொடுத்தார். பாத்திரக்கடைக்காரர் பையனின் இடப்பக்கம் ஓடி ஸ்டூலில் இடித்துக்கொண்டார். தூக்கிய இமைக்கடியில் விழியும் கூடவே ஓடியது. குதித்தார், மேலே போனது. குனிந்தார், கீழே வந்தது. வலப்பக்கம் போனார். விழி பாதி வழியில் நின்றுவிட்டது.

அம்மாவின் உதடுகளும் நின்றன.

"வலிக்குதா கண்ணா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல. அந்தப் பக்கம் ஆள் ஏறக் கதவே கிடையாது. அங்க நிக்கிற ஆளை நான் ஏன் பாக்கணும்?"

எல்லோரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"இன்னையிலேர்ந்து அந்தப் பக்கமும் ஒரு கதவு. மேலிடத்து உத்தரவு."

பையன் சற்று யோசித்தான். பிறகு விழி நகர்ந்து, மூக்கோரம்வரை போய் முட்டியது.

தொற்று பின்னால் இறங்கிய அறிகுறி இல்லை, ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து ஊசி மருந்து ஏற்றலாம், தினமும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அம்மா சாமியைக் கும்பிடக் கை கூப்பினாள். எதிரே பாத்திரக்கடைக்காரர் நின்றதால் அவரையே கும்பிட்டாள். தவறில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை. அவசரமாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற நர்ஸைக் கும்பிட்டார்.