கடை திறந்த நாள்

விலைச்சீட்டைக் கட்டியிருந்த நைலான் நூல் கையால் இழுத்தால் அறுகிற வகையில்லை. கிழவர் கட்டிலின் தலைமாட்டில் குனிந்து பல்லால் கடித்தார். மேல்வரிசையில் மிச்சமிருப்பதே நாலு பல். அதில் ஆடிக்கொண்டிருந்த ஒன்று இன்னும் கொஞ்சம் ஆடிற்று, நூல் அறுந்தது. சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார்.

"விலை போட்ட சாமானா நீ?" என்றார்.

அவர் மனைவி விடிகிற நேரத்தில் எப்போதோ போயிருந்தாள். பேச்சின் நடுவில் யாரோ கூப்பிட்டு நிறுத்தியதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. மோவாயைப் பிடித்து மூடிப் பார்த்தார். மறுபடி திறந்துகொண்டது. உயிரோடு இருந்தபோதே மூட முடியாத வாய்.

அது ஒரு மரச்சாமான் கடை. அவர் அதற்குக் காவலாளி. பெரிய கூடத்துக்குள் ஆளுயரத் தடுப்புகள் வைத்துப் படுக்கையறை, சாப்பாட்டறை, வரவேற்பறை என்று வரிசையாகப் பண்ணியிருந்தார்கள். எதற்கும் கூரை கிடையாது. கதவைத் திறந்தால் பின்னால் சுவர். ஜன்னலைத் திறந்தால் மலைப் படம். அதற்குப் பின்னால் குழல்விளக்கு. அலமாரியில் முதுகு மட்டும் உள்ள புத்தகங்கள். டிவிகூட அட்டைதான். பொய் வீட்டைக் காட்டி மெய்ப் பணத்தை வாங்குகிறார்கள் என்பது கிழவரின் கட்சி. பத்து வருஷமாகக் கண்ணாடிக் கதவைப் பிடித்துத் திறந்துவிட்டுக்கொண்டே அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரடங்கு அறிவித்த அன்றைக்கு அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வழக்கம்போல் பின்கதவில் வந்து நின்றாள். திரும்பிப் போகப் பஸ் இல்லை. முதலாளி ஃபோனில், "ரெண்டு பேரும் பின்னாடி ரூம்லயே இருந்துக்கங்க வாட்ச்மேன். யாரையும் உள்ள விடாதீங்க. நீங்களும் வெளிய தல காட்டாதீங்க" என்றார். வாரத்துக்கு ஒருதரம் வண்டிக்காரன் மூலம் அரிசி பருப்பு வந்தது.

கிழவருக்கு அந்த நோய்மேலேயே நம்பிக்கை கிடையாது. "கண்ணுக்கே தெரியாததுக்கு எதுக்கு இத்தன போலீசு?" என்று கேட்டார்.

"காத்துகூடத்தான் கண்ணுக்குத் தெரியல. மூச்சு விடாம இருங்களேன் பாப்போம்" என்றாள் அவள்.

பின்னறையில் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் எலிக்கும் நடுவே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்தார்கள். துடைத்துவிட்டு வருகிறேன் என்று ஒருநாள் துணியோடு கூடத்துக்குள் போனவள் வரவேயில்லை. தேடிக்கொண்டு போனால், மூன்றாவது படுக்கையறையில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையை ஒதுக்கிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி கெழவி. மேல கேமரா இருக்கு."

"இங்க படுத்தா நெஞ்சு அடைக்கலைங்க."

நெஞ்சு அவளுக்கு ரொம்ப நாளாகவே சொன்னபேச்சுக் கேட்பதில்லை.

அன்றிலிருந்து நாட்கள் ஒருமாதிரி நழுவ ஆரம்பித்தன. ஒவ்வொரு அறையிலும் சும்மா அழகுக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. பேட்டரி கிடையாது, முள் நின்ற இடத்தில் நின்றது. அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். பச்சைச் சோபா அறையில் எப்போதும் சாயங்காலம். டீ குடிக்க அங்கே போனாள். மூலைப் படுக்கையறையில் மத்தியானம். அங்கே போய்க் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். "இந்த வீட்ல நேரம் நம்மளத் தேடி வராது, நாமதான் அதத் தேடிப் போவணும்" என்றாள். ஷட்டர் மூடிய கூடத்துக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சாம்பல் நிறத்தில் நிறைந்திருக்கும். பிளாஸ்டிக் போர்த்திய மேசைகளும் நாற்காலிகளும் குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல் கிடக்கும். அவள் அவற்றுக்கு நடுவே மெதுவாக நடந்துபோவாள். வெளியே என்ன கிழமை என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று.

டீ குடித்ததும் அட்டை டிவிக்கு எதிரில் உட்கார்ந்து கதை சொல்லுவாள். "இன்னிக்கு மாமியார் மாட்டிக்கிட்டா பாருங்க. நகைய ஒளிச்சு வச்சத மருமக பாத்துட்டா."

"பைத்தியமாடி உனக்கு?" என்பார். மறுநாள் டீ ஆறுவதற்குள் அவரே, "அந்த மாமியார் கதி என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

ஆனால் கட்டிலில் மட்டும் அவர் படுத்ததில்லை. அமுங்குகிற மெத்தையையும் சிரிக்கிற முதலாளியையும் நம்பக்கூடாது என்பார். கீழே அட்டையில்தான் படுத்தார். அதனால்தான் விடிகாலையில் அவள் போனது தெரியவில்லை. கட்டிலுக்குமேல் நடந்தது கட்டிலுக்குக் கீழே கேட்கவில்லை.

மகளுக்குத்தான் முதலில் ஃபோன் பண்ணினார். ரயிலில் ஒரு ராத்திரி போகிற தூரத்தில் இருந்தாள். ரயில்தான் இல்லை. அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டு, அம்மாவின் நெஞ்சு வைத்தியரிடம் தானே பேசி இறப்புச் சான்றுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னாள். நோய்ச் சாவு என்று ஆகிவிட்டால் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், முகம்கூடக் காட்டமாட்டார்கள். கடைசியில், "அம்மா ஒரு சாவு வீட்ட விட்டது கிடையாதேப்பா. முகம் தெரியாதவங்க செத்தாக்கூட ஓடுவாங்களே. அவங்களுக்கு ஒருத்தருமே இல்லாம அனுப்புறீங்களே" என்றாள்.

"ஏன், நான் ஆள் இல்லையா?" என்றார் கிழவர்.

வைத்த பிறகும் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மகள் சொன்னது நிஜம். யார் வீட்டில் சாவு என்றாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். "போய் நிக்கணுங்க. அழுவறது கூட ரெண்டாம் பட்சம். ஒரு ஆளு கூட நின்னான்னு இருக்கணும்" என்பாள். இத்தனை வாசலில் போய் நின்றவள்.

முதலாளி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "அடடா" என்றார். பிறகு, "எந்த எடத்துல?" என்றார்.

"மூணாவது ரூம்ல. கட்டில்ல."

"அந்தம்மா கட்டில்ல படுக்கறது எனக்குத் தெரியும் வாட்ச்மேன். கேமரா ஃபோன்லயே தெரியுது. வீட்ல எல்லாரும் பாப்போம். நான் ஏதாவது சொன்னேனா?"

கிழவர் தலையைத் தூக்கி, மூலையில் இருந்த கருப்புக் கண்ணைப் பார்த்தார். "அப்ப அவ போனதையும் பாத்துட்டுத்தான் இருந்தீங்களா?"

ஃபோனில் எங்கேயோ குக்கர் விசில் மட்டும் வந்தது.

"அந்த நேரத்துல யாருங்க பாக்கறா..." என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, வண்டி அனுப்பறேன். நம்ம வண்டிக்கு அனுமதி இருக்கு. மயானத்துலயும் நானே பேசிடறேன். ஒண்ணே ஒண்ணு. அந்தம்மாவப் பின்னாடி ரூமுக்கு மாத்திடுங்க. பின்கதவு வழியாவே கொண்டுபோயிடுங்க. எதிர் மாடிக்காரன் எவனாவது படம் புடிச்சுப் போட்டான்னா, நோயில செத்த கட்டில்னு பேர் வந்துடும். ஊர் வாய மூட முடியுமா? அப்புறம் யாரு கடைக்குள்ள கால் வைப்பா?"

கிழவர் ஃபோனை வைத்தார். தண்ணீர் சுடவைத்து அவள் முகத்தைத் துடைத்தார். தலைவாரினார். வகிடு கோணிற்று. திரும்ப வாரினார். அதுவும் கோணல்தான்.

வண்டிக்காரன் பின்கதவைத் தட்டினான். வாய் ஓயாது என்பதால் கடையில் எல்லோரும் அவனை ரேடியோ என்பார்கள்.

"பெருசு, டாக்டர்கிட்ட காயிதம் வாங்கிட்டேன். மாரடைப்புன்னு தெளிவா போட்டிருக்கு."

"படி."

படித்தான்.

"இன்னொருவாட்டி படி."

"மாத்தியா படிக்கப்போறேன்?" என்று அலுத்துக்கொண்டு மறுபடி படித்தான். பிறகு கூடத்துக்குள் எட்டிப்பார்த்துக் குரலை இறக்கினான். "முதலாளி இந்நேரம் மாத்தியிருப்பீங்கன்னு சொன்னாரு. சக்கர வண்டி எடுத்தாரவா? சாமான் ஏத்தறது இருக்கே, அது."

"வண்டிய முன்பக்கம் கொண்டு போய் நிறுத்து."

"முன்பக்கமா? ஷட்டரத் தூக்கணுமே. தூக்கினா கடையத் தொறந்துட்டான்னு போலீஸ் வரும். முதலாளி என் தோல உரிச்சுடுவாரு."

"டேய், இந்தக் கதவப் புடிச்சு எவனெவனுக்கோ தொறந்து விட்டிருக்கேன். ஒண்ணும் வாங்காம, சோபால உக்காந்து ஏசிக் காத்து வாங்கிட்டுப் போறவனுக்கும் சலாம் வச்சிருக்கேன். இவளுக்கு ஒருநாள் தொறந்ததில்ல. பத்து வருஷமும் பின்கதவுதான். சாமான் போற வழியில இவ போவ மாட்டா."

"ரோட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது. எந்தப் பக்கம் போனா என்ன? யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலன்னா அப்புறம் என்னடா பயம்? போ."

ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தான். போனான்.

பின்னறையிலிருந்து ஒரு மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து அவளை அதில் மாற்றிப் படுக்கவைத்தார்கள். கனமே இல்லை. கண்ணாடிக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கக் கிழவர் ஒரு முக்காலியை முட்டுக் கொடுத்தார். பிறகு இருவரும் ஷட்டருக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார்கள். முதலில் முனகிற்று. அப்புறம் மொத்தமாகச் சுருண்டு மேலே ஏறியது. அந்தச் சத்தம் வெறிச்சோடிய தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருண்டு போயிற்று.

அந்தத் தெருவில் தினமும் முதலில் திறப்பது இந்தக் கடைதான். இதன் ஷட்டர் ஏறின பிறகுதான் எதிரில் தையற்காரர் தன் பூட்டைத் தொடுவார். பக்கத்தில் முடிவெட்டுகிறவர் விளக்கைப் போடுவார். இந்தச் சத்தம் கேட்டால் தெரு திறந்தாயிற்று என்று அர்த்தம்.

எதிர்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"தொறந்துட்டாங்களா?"

"சத்தம் கேக்கல? மரக்கடை தொறந்தாச்சு."

"அப்ப முடிஞ்சுதா எல்லாம்?"

"முடிஞ்சுதுன்னுதான் நெனைக்கறேன். செருப்ப எடு, செருப்ப எடு!"

மாடிப்படிகளில் தடதடவென்று கால்கள் இறங்கின. உள்ளே கிழவர் கட்டிலின் தலைப்பக்கத்தையும் ரேடியோ கால்பக்கத்தையும் பிடித்தார்கள். வெயில் கடைக்குள் நீளமாக விழுந்து அறை அறையாகப் போயிருந்தது. போர்த்தியிருந்த பிளாஸ்டிக் எல்லாம் தண்ணீர்போல மினுங்கிற்று. அவள் முகத்தில் அந்த மினுக்கம் அலைந்தது. வெயிலுக்குக் கண் கூசுமே என்று கிழவருக்கு ஒரு நொடி தோன்றிற்று.

வாசலுக்கு வந்தபோது தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். முகக்கவசம் ஒரு காதில் தொங்க, கையில் வெறும் பையோடு, சீவாத தலையோடு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு. தையற்காரர் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தார்.

"செத்தோம் பெருசு" என்று ரேடியோ முணுமுணுத்தான்.

கிழவர் நாக்கில் வசவைத் தயாராக வைத்துக்கொண்டார். நோய் நோய் என்று கத்தப்போகிறார்கள்; ஓடப்போகிறார்கள்; எவனாவது ஃபோனைத் தூக்கப்போகிறான். ஜனங்களை அவருக்குத் தெரியும்.

சிரிப்பு ஒவ்வொரு முகமாக நின்றது. யாரும் கத்தவில்லை. தையற்காரரின் கை சாவிக்கொத்தை மெதுவாக மூடிக்கொண்டது.

இரண்டு கையிலும் பை வைத்திருந்த ஒரு பெண் பைகளைத் தரையில் வைத்தாள். "யாருங்க?"

"என் சம்சாரம்."

"உள்ளயா இருந்தீங்க ரெண்டு பேரும்? இத்தன நாளா?"

"ஆமா. இங்கதான் குடியிருந்தோம்."

ரேடியோ கட்டிலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவசரமாகச் சட்டைப்பையைத் துழாவினான். "நோய் இல்லைங்க. மாரடைப்பு. காயிதம் இருக்கு..."

"நாங்க கேக்கலையே தம்பி" என்றார் தையற்காரர்.

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து வழிவிட்டார். மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்கச் சொல்லிப் பழக்கியிருந்ததால் அப்படியே தள்ளித் தள்ளி, தெருவின் இரண்டு பக்கமும் நீளமாக நின்றார்கள். புதிதாக இறங்கி வந்தவர்கள் என்னவென்று கேட்கவில்லை. பார்த்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள். மாடி ஜன்னலில் ஒலித்துக்கொண்டிருந்த டிவிப் பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"வேகமா ஏத்திடலாம் பெருசு, போலீஸ்..."

"என்னடா அவசரம்? மெதுவா."

கட்டிலை வண்டிக்குள் வைத்தார்கள். கிழவர் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டியின் பின்கதவைச் சாத்த வந்தவனிடம், "தொறந்தே கெடக்கட்டும்" என்றார். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் கால்மாட்டைத் தாண்டிப் போயின. அவருக்கு அதில் யாரையும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

தெருமுனை வந்ததும் கிழவர் முன்பக்கத் தகரத்தைத் தட்டினார்.

"நிறுத்து."

"என்ன பெருசு?"

"ஒருத்தர் வராரு."

தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர், வெறும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, நட்டநடு ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தார்.