விட்டுக்கொடுத்த குதிரை

கம்ப்யூட்டர் கடையின் ஆண்டு விழாவில் கம்ப்யூட்டரோடு சதுரங்கம் ஆட ஒத்துக்கொண்ட ஒரே ஆள் பல்லுக்காரர்தான். பல் செட் செய்து பிழைப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாடிக்கையாளர் வாயில் விழ வேண்டிய தொழில். அதனால் எதிலும் ஒரு கறார் உண்டு.

கடை நடுவில் பலகை. திரையைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சார்பில் காய் நகர்த்த, அங்கேயே வேலை பார்க்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. வேடிக்கை பார்க்க அறுபது நாற்காலி.

பல்லுக்காரர் எட்டு மாதமாக வீட்டுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருந்தார். கணக்குப் போடுவதில் அதை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் வேறு வழி பிடித்தார். சிப்பாய்களை மூக்கோடு மூக்கு முட்டவிட்டு, பலகையையே பூட்டிவிடுவது. போக வழியே இல்லாத இடத்தில் அது என்னத்தைக் கணக்குப் போடும்? இருநூற்றுப் பன்னிரண்டு தோல்வி, இரண்டு டிரா. அந்த இரண்டையும் நினைத்துக்கொண்டுதான் தினமும் தூங்கப் போவார்.

இன்றைக்கும் பூட்டினார். இருபத்திரண்டாவது நகர்த்தலில் கம்ப்யூட்டர் தன் குதிரையைக் கொண்டுவந்து அவர் சிப்பாயின் வாயில் வைத்தது. பத்து நிமிடம் தேடினார். பொறி எதுவும் இல்லை. வெட்டினார். அடுத்து யானையும் வந்து தலையை நீட்டியது.

சோதித்துப் பார்க்கத் தன் ராணியையே அதன் மந்திரி வெட்டும் கட்டத்தில் வைத்தார். அது வெட்டாமல் மூலையில் ஒரு சிப்பாயை நகர்த்தியது. குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிறவன்கூட இவ்வளவு அசிங்கமாக விட்டுக்கொடுக்க மாட்டான்.

"எந்த லெவல்ல வச்சிருக்க மாப்ள?"

மச்சான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணுல. ஆடுங்க மாமா, எல்லாரும் பாக்குறாங்க."

"முதலாளி சொன்னாரா?"

"அக்கா சொல்லிச்சு. ஒரு தடவை ஜெயிச்சுட்டா இந்தப் பைத்தியம் தெளிஞ்சிடும்னு. முதலாளிக்கும் விளம்பரம் ஆச்சு."

மூன்றாவது வரிசையில் மனைவி கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மச்சான் மேல் அருவருப்பு, முதலாளி மேல் அருவருப்பு. குதிரையை வெட்டியபோது ஒரு நொடி பூரித்துப்போன தன் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகம். ராஜாவைப் படுக்க வைத்தார்.

"நான் தோத்துட்டேன். எழுதிக்கோ."

"எழுத முடியாது மாமா. போர்டு அடிச்சாச்சு."

எழுந்து வெளியே வந்தார். வாசலில் நிஜமாகவே ஒரு போர்டுக்குத் துணியை உருவிக்கொண்டிருந்தார்கள். 'இயந்திரத்தை வென்ற மனிதர்' என்ற எழுத்துக்குக் கீழே அவர் முகம், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்தது. ஓரத்தில் மனைவியின் தோள் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். "கோச்சுக்காதீங்க. இந்த எட்டு மாசத்துல என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு வேறொன்று உறைத்தது. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்ததும் இதே மச்சான்தான்.

"வீட்டுல ரெண்டு டிரா வந்துச்சே," என்றார். "அதாச்சும் நிஜமா?"

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"பஸ் வருது பாருங்க," என்றாள்.