கிண்ணத்தில் இறுகாத பசை

கிண்ணத்தில் விரலை வைத்தேன். ஒட்டியது.

நேற்று இதே நேரம் கலந்த பசை. இந்நேரம் கல்லாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, தேதிச் சீட்டு ஒட்டி வைப்போம். மறுநாள் அது இறுகியிருந்தால், செயற்கைக்கோளில் தடவியதும் இறுகியிருக்கும். பார்த்த பிறகுதான் செயற்கைக்கோள் பெட்டியை மூட வேண்டும். அதை ராக்கெட் தளத்துக்கு ஏற்றிப்போகும் லாரி ஒரு வாரம் முந்தி வருகிறது என்று காலையிலேயே மூடிவிட்டார்கள். கிண்ணம் பார்த்ததாக என் கையெழுத்து மட்டும் பாக்கி.

நான் பத்து வருஷம் செருப்புக் கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டியவள். இங்கே கூட்டி வந்தது என் தம்பி. அவன் எஞ்சினியர், நான் எல்லோருக்கும் பசையக்கா. அவர்கள் படிப்புக்கு முன்னால் நான் கைநாட்டு மாதிரிதான். ஆனாலும் சூரியத் தகட்டை என்னைத் தவிர எவனும் ஒட்ட மாட்டான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இன்றைக்கு அது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

பெட்டிக்குள் இருப்பது இரண்டு ரொட்டிப் பாக்கெட் அளவுதான். மேலே போய்ச் சிறகை விரித்து, வெயிலை மின்சாரமாக்கி, அலையாக மாற்றிக் கீழே அனுப்பும். தரையில் குண்டுமணி அளவு விளக்கு ஒன்று எரிந்தால் போதும். வானத்தில் பெரிய மின்நிலையம் கட்டுகிறவர்கள் அப்புறம் கட்டட்டும், முடியும் என்று குறைந்த செலவில் முதலில் காட்டிவிடலாம் என்று தம்பி மூன்று வருஷமாக நாயாய் அலைந்தான். அடுத்தவர் ராக்கெட்டில் ஒரு மூலை கிடைத்தது. இதை விட்டால் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பசை இறுகாத தகடு ராக்கெட் குலுங்கும்போது பிய்த்துக்கொண்டால்? அதே ராக்கெட்டில் இன்னும் முப்பது பேருடைய செயற்கைக்கோள்கள். எதில் போய் இடிக்கும்?

மேசை டிராயரில் போன மாதக் கிண்ணம் இருந்தது. சுத்தியலால் அடித்தாலும் உடையாது. சீட்டை மாற்றி ஒட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. நகத்தால் இன்றைய சீட்டை உரித்தேன். நான் இப்படிப்பட்டவளா என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

கதவு திறந்தது. தம்பி.

"அக்கா, லாரி கீழ நிக்குது. கையெழுத்துப் போட்டுட்டியா?"

கிண்ணத்தை நீட்டினேன். அவன் விரலை வைத்து எடுத்தான். ரேகை அப்படியே பதிந்திருந்தது. திறந்திருந்த டிராயரைப் பார்த்தான். என் விரலில் தொங்கிய சீட்டையும் பார்த்தான். மாற்றி ஒட்டு என்று அவன் சொல்லிவிடுவானோ என்று நடுங்கினேன். சொன்னால் நான் ஒட்டிவிடுவேன்.

"கலக்கறப்போ முந்நூறு எண்ணுவியே. நேத்து எண்ணலையா?"

"எண்ணினேன்டா. நூத்தி எழுபதுல நீ ஓடி வந்தே. லாரி நாளைக்கே வருதுன்னு சொன்னே. அந்தச் சந்தோஷத்துல எண்ணிக்கை விட்டுப்போச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சு தடவிட்டேன்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பதறாத காரியம் சிதறாது என்று அம்மா இவனைத்தான் சின்ன வயதிலிருந்து திட்டுவாள். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவன் போன் அடித்தது. மூன்று தடவை அடிக்க விட்டான். எடுத்தான், லாரி டிரைவர்தான்.

"அண்ணே, நீங்க கிளம்புங்க. எங்க பெட்டி வரல."

பிறகு என் விரலிலிருந்து சீட்டை மெல்ல எடுத்து, இறுகாத கிண்ணத்திலேயே திரும்ப ஒட்டினான். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.