மூலையில் ஐந்து புள்ளிகள்

ரோமில் மூன்று வருடம் இருந்துவிட்டு கோபன்ஹேகனுக்குத் திரும்பிய ஓவியன் சேவெரின், பெட்டி நிறையக் காகிதமும் வாய் நிறைய ரோமாபுரிப் பெருமையும் கொண்டுவந்திருந்தான். மகனைப் பற்றி மட்டும் அந்த வாய் திறக்கவில்லை. நாலு வயது வில்லாட்ஸ், அப்பா ரோமில் இருக்கையிலேயே, போன குளிர்காலத்தில் நெஞ்சுச்சளியில் செத்துப்போனான். எப்படிப் போனான் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பான் என மனைவி ஆபெலோனா காத்திருந்தாள். வசந்தம் போய்க் கோடையும் வந்துவிட்டது. கல்லுளிமங்கன், கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் நண்பன் ஆன்கர் சாப்பிட வந்திருந்தான். மேசையில் பாதி இடத்தை சேவெரினின் மைச்சித்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. பைபிளில் வரும் தாவீது ராஜாவிடம் அவன் குழந்தை இறந்துவிட்டதைச் சொல்லும் காட்சி. ராஜாவுக்கு எருதின் தோள்கள். வேலைக்காரர்கள் நடுங்கி நிற்கிறார்கள். குழந்தை கிடக்க வேண்டிய மூலை மட்டும் வெள்ளையாக இருந்தது.

"ராஜா அட்டகாசமா இருக்கான். புள்ள எங்கடா?" என்றான் ஆன்கர்.

"வரமாட்டேங்குது. துணிமூட்டையா வரைஞ்சு ஒப்பேத்திடலாமான்னு பாக்கறேன்."

உப்புமீன் தட்டை ஆபெலோனா ணங்கென்று வைத்தாள். "புள்ள உசுரோட கிடந்தப்போ அந்த ராஜாவாவது தரையில விழுந்து பட்டினி கிடந்தான். செத்தப்புறம்தான் எந்திரிச்சுச் சாப்பிட்டான். இங்க பட்டினியெல்லாம் கிடையாது. நேரா சாப்பாடுதான்."

"ஆரம்பிச்சுட்டா," என்றான் சேவெரின்.

சண்டை வேண்டாமே என்று ஆன்கர், சேவெரின் ரோமில் கற்றுவந்த விளையாட்டை எடுத்துவிட்டான். ஒருவர் காகிதத்தில் ஐந்து புள்ளி வைக்க வேண்டும். தலைக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு. அந்தப் புள்ளிகளுக்குள் அடுத்தவர் ஓர் உடம்பை வரைந்து காட்ட வேண்டும். "அந்த மூலையில அம்மணியே வைக்கட்டும்."

"இவளா? மீனுக்கு உப்பு தூவற மாதிரி தூவுவா."

ஆபெலோனா பேனாவைப் பிடுங்கி, யோசிக்காமல் ஐந்து புள்ளி வைத்தாள். ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின.

"முட்டைக்குள்ள இருக்கற குஞ்சுதான் இப்படி இருக்கும்!" என்று ஆன்கர் சிரித்தான்.

"எந்தப் புள்ள இப்படிப் படுக்கும்? நான் தோக்கணும்னு வேணும்னே வைக்கறா," என்றான் சேவெரின்.

"படுத்தான். உங்க புள்ளதான். மூச்சு முட்டி முட்டி, முழங்கால நெஞ்சோட சேத்துக்கிட்டு. நிமித்த முடியல. அப்படியேதான் பெட்டியில வெச்சோம்."

ஆன்கர் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். சேவெரின் முகம் சிவந்தது. இப்போது கேட்பான் என்று அவள் நினைத்தாள். அவன் பேனாவை எடுத்தான்.

முதுகு வந்தது, முழங்கால் வந்தது, ஒடுங்கிய கழுத்து வந்தது. கோடு தானாக ஓடியது. அப்படியொரு கோடு அவனுக்கு வாழ்நாளில் விழுந்ததில்லை. அது அவளுக்கே தெரிந்தது. வில்லாட்ஸேதான். தொடவும் வேண்டும்போல இருந்தது, கிழித்துப் போடவும் வேண்டும்போல இருந்தது. கையருகே வந்ததும் பேனா நின்றது.

"ஆபெலோனா," என்றான். இத்தனை மாதத்தில் அவன் குரல் அப்படிக் குழைந்ததில்லை. "இந்தக் கை மூடியிருந்துச்சா? கையில என்ன வெச்சிருந்தான்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஆனால் அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, காகிதத்தில் இருந்தது. பேனா நுனியில் மை திரண்டு நின்றது.

கம்பளி போதாமல் அன்று சேவெரினின் பழைய கோட்டை எடுத்துப் போர்த்தியிருந்தாள். பிள்ளை அதன் பொத்தானைத் திருகித் திருகி, "அப்பாவா? அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அது பிய்ந்து வந்தது. பிடித்த பிடியை விடாமலே போய்ச் சேர்ந்தான். இதைச் சொன்னால் போதும், எதிரே இருப்பவன் இடிந்துபோவான். இல்லை, அதையும் வரைந்துவிடுவான்.

"ஒண்ணுமில்ல," என்று தட்டுகளை அடுக்கினாள். "வெறுங்கை."

"வெறுங்கைன்னா எடுபடாதே," என்று சேவெரின் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தக் கையில் ஓர் ஆப்பிளை வரைந்தான்.