சின்ன முதலாளி கொடுத்த புத்தகம்

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எழுந்து நின்ற பிறகுதான், புத்தகத்தில் முதல் சில பக்கங்களைத் தாண்டவே இல்லை என்பது ‘பத்தாவது’ என்று எல்லோரும் கூப்பிடும் அவளுக்கு உறைத்தது. பேருந்தில் படித்துக்கொள்ளலாம், சாப்பாட்டு வேளையில் படித்துக்கொள்ளலாம் என்று வாரத்தை ஓட்டியிருந்தாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் தூக்கம் வந்தது. கிடைக்காவிட்டால் ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. சாப்பாட்டு வேளையில், சூடு பட்டுப் பட்டு மரத்துப்போன விரல்களுக்கு அந்த வழுவழுப்பான தாள் பிடிபடவே இல்லை. அட்டைப்படத்தில் கோட்டு போட்ட ஒருவன் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தாவிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன்தான்.

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. இஸ்திரிப் பிரிவில் நான்கு பெண்கள். அவர்களில் பத்தாம் வகுப்பு முடித்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் சேர்ந்த வாரமே அவள் ‘பத்தாவது’ ஆகிவிட்டாள். பெரிய முதலாளி படுக்கையில் விழுந்ததும் பொறுப்புக்கு வந்த மகன், சின்ன முதலாளி, எங்கோ நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு ஆளே மாறி வந்திருந்தார். தொழில், பணம், தனிமனித வெற்றி என்று அங்கே படிக்கச் சொன்ன புத்தகங்களையெல்லாம் கட்டாக வாங்கி வந்து, பிரிவுக்கு ஒன்றாகக் கொடுத்தார். திங்கள்தோறும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் எழுந்து, படித்ததில் என்ன கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் கைதட்ட வேண்டும். சொல்லாத பிரிவுக்கு அந்த மாத ஊக்கத்தொகை கிடையாது. மற்ற மூவரும் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவள் பையில் திணித்துவிட்டார்கள்.

முழங்கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்ததால் வாயில் முழங்கால்தான் வந்தது. “இதுல ஒருத்தர் வர்றாரு சார். வெளிநாட்டுல சலவைக்கடை வெச்சிருக்காரு. இஸ்திரி போடுற பொம்பளைங்க நின்னுக்கிட்டே போட்டதுல காலெல்லாம் வீங்கிப்போச்சு. அவரு ஆளுக்கு ஒரு ஒசர ஸ்டூல் வாங்கிப் போட்டாரு. அதுக்கப்புறம் வேலை ரெண்டு மடங்கு நடந்துச்சாம். அப்படித்தான் அவரு பெரிய ஆளானாரு.”

சொல்லிவிட்டு, திட்டு விழப்போகிறது என்று தரையைப் பார்த்தாள். சின்ன முதலாளி மெல்லத் தலையாட்டினார். “பிரமாதம். எனக்கும் ரொம்பப் பிடிச்ச இடம் அது” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வாரமே நான்கு ஸ்டூல்கள் வந்து இறங்கின.

பிரிவில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பாய்லர்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போனது. “அடிப்பாவி, அவரும் படிக்கலையா!” என்று வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சும்மா இருக்கத் தெரியாதவள். “அடுத்த வாரம் உன் வெள்ளைக்காரனுக்குக் கொஞ்சம் வேர்க்கட்டும். ஃபேன் ஒண்ணு மாட்டச் சொல்லு.”

“கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாளும் சேத்துக்கோ. புத்தகம் தடியாத்தானே இருக்கு, இடம் இருக்கும்” என்றாள் நெட்டை. அவள் அதிகம் பேசமாட்டாள். சாயங்காலமானால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பிள்ளையைக் காப்பகத்திலிருந்து நேரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

தாழ்ப்பாள் வந்தது. ஃபேனும் வந்தது, பழசுதான், கொஞ்சம் முனகியது. சம்பளத்தையும் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி வாயாடி நச்சரித்தாள். “ரொம்ப ஆசைப்பட்டா புத்தகம் மூடிக்கும்டி” என்று பத்தாவது தட்டிக்கழித்தாள். ஆனாலும் காலையில் எழுந்திருக்கும்போது உடம்பில் ஏதோ ஒன்று கொஞ்சம் லேசாக இருந்தது. தன் வாயிலிருந்து போன சொல் நாலு கால் முளைத்து ஸ்டூலாக வந்து நிற்பதை அவள் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததில்லை.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து விலகி நின்று உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். பேச்சும் அப்படித்தான் நடக்கும். நெருங்கும்போது ஒரு வார்த்தை, விலகும்போது ஒன்றுமில்லை. ஒரு மதியம் பெரியக்கா எதிர்முனையில் நின்றிருந்தாள். நால்வரில் மூத்தவள், புருஷன் இல்லாதவள், சின்ன முதலாளியை அரைக்கால்சட்டையில் பார்த்தவள்.

“டாக்டரம்மா இதுக்கு மேல தள்ளிப்போடாதேன்னுட்டாங்க.”

விலகினார்கள். உதறினார்கள்.

“கர்ப்பப்பையை எடுத்துடணுமாம். ஒன்றரை மாசம் கனம் தூக்கக் கூடாதாம்.”

அடுத்த விரிப்பு.

“நம்ம முதலாளித் தம்பிகிட்ட கேட்டேன். போயிட்டு வாங்கம்மா, வந்தப்புறம் இடம் இருந்தா பாப்போம்னாரு. இந்த வயசுல என்னை வேற எவன் சேப்பான்?”

பத்தாவது முனைகளை வாங்கிக்கொண்டாள். பெரியக்காவின் விரல்கள் உடனே விடவில்லை. “புத்தகத்துல போடேன்” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சிரிக்கவில்லை.

அந்த வாரம் பத்தாவது புத்தகத்தை நிஜமாகவே படித்தாள். பேருந்தில் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு படித்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசற்படியில், துணி ஊறுகிற நேரத்தில் படித்தாள். பெயின்ட் அடிக்கப் போகும் புருஷன் தலைமுடியில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே, “கோடீஸ்வரி ஆனதும் ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கு நான் வேலைக்குப் போகாம படுத்துக்கறேன்” என்றான். “நீ படுக்க நான் எதுக்குக் கோடீஸ்வரி ஆகணும்? இப்பவே நல்லாத்தானே படுக்கற” என்றாள் தலை நிமிராமல். தானே கட்டிய கதைதான். இருந்தாலும் அந்தச் சலவைக்கடைக்காரன் எங்காவது ஓர் ஓரத்தில் இருப்பான், ஸ்டூல் இல்லாவிட்டாலும் ஒரு பலகையாவது போட்டிருப்பான் என்று ஒரு நப்பாசை. அவன் இல்லை. நிறுவனம் என்பது ஒரு பேருந்து என்றிருந்தது. வேகத்துக்கு ஒத்துவராதவரை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட வேண்டும், பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்றிருந்தது. புத்தகம் போட்டவன் நன்றாகத்தான் எழுதியிருந்தான். படிக்கப் படிக்கச் சரிதானே என்றுகூடத் தோன்றியது. புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

திங்கட்கிழமை எழுந்து நின்றாள். சலவைக்கடைக்காரனிடம் ஒரு மூத்த வேலைக்காரி இருந்தாள் என்றாள். அவளுக்கு ஆபரேஷன் என்று வந்தபோது, திரும்பி வரும்வரை அவள் இடத்தில் அவன் வேறு ஆளைப் போடவில்லை என்றாள். “அந்தம்மா திரும்பி வந்து, சாகுற வரைக்கும் அந்தக் கடைக்கு உழைச்சுதாம் சார். அந்த விசுவாசத்துலதான் அவரு பெரிய ஆளானாரு.” பெரியக்கா பின்வரிசையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சின்ன முதலாளி கேட்டுக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து தன்னுடைய பிரதியை எடுத்தார். அதே மலை, அதே கோட்டுக்காரன். ஓரங்களில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. பக்கங்கள் புரண்டு புரண்டு உப்பியிருந்தன.

“அந்தப் பக்கம் என் புத்தகத்துல இல்லையேம்மா” என்றார்.

பாய்லர் ஒருமுறை மூச்சு விட்டது. பத்தாவது கேட்டுவிட்டாள்.

“ஸ்டூல் போட்டது இருந்துச்சுங்களே சார்?”

“அது இருந்துச்சு.”

“தாழ்ப்பாளு? ஃபேனு?”

“எல்லாம் இருந்துச்சு.” கோபமே இல்லை. கடையில் சரக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். “இது இல்ல.”

ஸ்டூல் வந்த பிறகு கால் ஆற்றிக்கொள்ளப் பின்படிக்கட்டுக்கு யாருமே போவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாள் இல்லாத காலத்தில் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்போது ஒருத்திதான் போகிறாள். ஃபேன் வந்ததிலிருந்து முகம் கழுவப் போவதும் இல்லை. மிச்சமான நேரமெல்லாம் வேலைக்குத்தான் போயிருந்தது. அந்த மனிதர் புத்தகத்தை முழுசாகப் படித்தவர். இத்தனை வாரமும் நால்வரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இப்போது அவள் முகத்தில் சூடாக வந்து அடித்தது.

உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. “சரி, புத்தகத்துல இல்ல சார். எங்க நாலு பேர் வண்டியும் சாயங்காலம் காலியாப் போச்சுன்னா உங்களுக்குப் போதும்ல?” துணி உலர்ந்து வரும் தள்ளுவண்டி ஆளுக்கு ஒன்று உண்டு. “பெரியக்கா வண்டியையும் நாங்களே காலி பண்ணிடறோம். நீங்க ஆள் போட வேணாம்.”

அவர் புத்தகத்தை மூடி இழுப்பறையில் வைத்தார். “நாலு வண்டியும் காலியா இருந்தா, எத்தனை பேர் நின்னீங்கன்னு நான் கேக்க மாட்டேன். ஒரே ஒரு நாள் மிச்சம் நின்னாலும் மறுநாள் புது ஆள் வந்துடும்.” பிறகு முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, படிச்சதோட பலன்? முன்னாடி இப்படி எழுந்து நின்னு பேசியிருப்பீங்களா?” அவரே முதலில் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

பிரிவுக்குத் திரும்பியதும் வாயாடி பிடித்துக்கொண்டாள். “எங்களை ஒரு வார்த்தை கேட்டியா? உன் வாய்க்கு எங்க முதுகா கெடச்சுது?”

நெட்டை இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். “காப்பகத்துல ஆறு மணிக்கு மேல புள்ளைய வாசல்ல நிறுத்திடுவாங்க” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

“வேணாம், விடுங்கடி. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டிடுவேன்” என்றாள் பெரியக்கா.

“நீ வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படு, அக்கா! இது எங்களுக்குள்ள நடக்குற சண்டை” என்று வாயாடி சீறினாள். ஆனால் செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்தாவதுக்கு மேற்கொண்டு கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

பெரியக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, அவள் வண்டியும் வழக்கம்போல வந்து வழக்கமான இடத்தில் நின்றது. ஆஸ்பத்திரி விரிப்புகள், குவியலாக, ஆவி பறக்க. ஆளுக்கு ஒன்றென்று தங்கள் வண்டியைப் பார்ப்பதே அன்று பெரும்பாடாக இருந்தது. விரிப்புகளைத் தேய்க்கும் ரோலர் இடையில் ஒருமுறை சிக்கி நின்று உயிரை வாங்கியது. மணி அடித்தபோது மூன்று வண்டிகள் காலி. நான்காவதில் யாரும் கை வைத்திருக்கவில்லை. அலுவலக அறையில் விளக்கு எரிந்தது. நெட்டை கடிகாரத்தைப் பார்த்தாள். வாயாடி கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டு பையைத் தோளில் மாட்டினாள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்படும் அளவுக்குத் தெம்பு மிச்சமில்லை.

பத்தாவது பெரியக்காவின் வண்டியிலிருந்து மேலே கிடந்த விரிப்பை எடுத்து, இரண்டு முனைகளைத் தேடிப் பிடித்து, வழக்கம்போலப் பின்னால் நகர்ந்து நின்றாள். எதிர்முனை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கி ஆடியது. தரையில் பட்டுவிட்டால் மறுபடி துவைக்கப் போட வேண்டும். தோள்பட்டை இரண்டும் கடுகடுத்தன. விரிப்பு முகத்தை மறைத்ததில் அந்தப் பக்கம் வெளிக்கதவு திறக்கிறதா, யாராவது முனையைப் பிடிக்க வருகிறார்களா என்று தெரியவில்லை. துணி மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. அவள் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.