மூக்காயியின் செத்த வாக்மன்

மயிலந்தெனிய தோட்டத்து மூக்காயியின் வாக்மன் செத்துப்போன பிறகுதான் உண்மை பேசத் தொடங்கியது. 1996ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழாம் நம்பர் மலையில் அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவில் பெண் குரல் ஆண் குரலாகி, ஆண் குரல் எருமைக் குரலாகி, அப்புறம் ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்தப் பெட்டியில் எந்தக் கம்பெனியின் பெயரும் கிடையாது. ஆனாலும் கலஹா பக்கத்தில் இடுப்பில் கொளுவிக் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற எதுவும் வாக்மன்தான். மூக்காயி அதை இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டு இரண்டு வருஷமாக மலையேறினாள். காதில் மாட்டிக்கொண்டால் நான் கூப்பிடுவது எப்படிக் கேட்கும் என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டதற்கு, "கேக்கக் கூடாதுன்னுதான் மாட்டியிருக்கேன்" என்று பதில் சொன்னவள் அவள். அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

பெட்டியைக் குவைத்திலிருந்து அனுப்பியது ஒரே மகள் கமலம். 93இல், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ராஜலிங்கம் என்ற ஏஜென்ட் மூலமாக, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வீட்டு வேலைக்குப் போனாள். மூக்காயிக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் வாசித்துக் காட்டுகிறவர் வாயிலிருந்து லய வீடுகள் முழுக்கப் போய்விடும். அதனால் அந்தக் காலத்தில் வெளிநாடு போன எத்தனையோ பிள்ளைகளைப் போல அவளும் கசட்டில் பேசி அனுப்பினாள். ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் பேச்சு. நான் நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, மேடம் நல்ல மாதிரி. இரண்டு வருஷம் முடிந்து இன்னுமொரு வருஷமும் ஓடப்போகிறது, பிள்ளை வரவில்லை, வேறு கசட்டும் வரவில்லை. கேட்டால் ராஜலிங்கம், உங்கள் மகள்தான் ஒப்பந்தத்தை நீட்டிக் கேட்டாள் என்றார். மகள் வாயாலேயே நல்லா இருக்கேன் என்று சொல்லும்போது தாய் வேறு யாரை நம்புவாள்? நம்பிக்கொண்டு கொழுந்து எடுத்தாள்.

பிலிமத்தலாவையில் ரேடியோ திருத்துகிற மர்சூக்கிடம் பெட்டியைக் கொண்டுபோனாள். அவர் திறந்து பார்த்தார். பெல்ட் உருகியிருந்தது, மோட்டார் கருகியிருந்தது, பெட்டரி ஊற்றியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கசட்டின் நாடாவை அது நூடுல்ஸ் மாதிரி மென்று துப்பியிருந்தது. "இது மௌத்து, தங்கச்சி. ஒண்டும் செய்ய ஏலா" என்று சொல்லி, பெட்டரி இரண்டையும் குப்பையில் போட்டு, வெறும் பெட்டியை மூடிக் கையில் கொடுத்தார். மகளுடைய குரல் என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். மூக்காயி கடை வாசலில் நின்று அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அவள் அழுததைப் பார்த்தவர்கள் இல்லை. பேராதனையில் கலஹா பஸ்ஸுக்கு நிற்கும்போது, தெரிந்தவர்கள் யாரும் வந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று செத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். கமலம் பேசினாள்.

"அம்மா, இன்னிக்கும் மேல் மாடியில விட்டுப் பூட்டிட்டாங்க. பாஸ்போட்டு மேடத்துக்கிட்ட இருக்கு. நல்லா இருக்கேன்னு நான் சொன்னது பொய்யி. ஏஜென்டோட ஆளு பக்கத்துல நின்னு சொல்லச் சொன்னான். நான் வீட்டுக்கு வரணும்மா."

அதற்குப் பிறகு தினமும் பேசினாள். இங்கே மலையேறுகிற நேரம் அங்கே விடிகாலை என்பதால் முதலில் கொட்டாவிதான் கேட்கும். லயத்துப் பெண்கள் வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தார்கள். கமலம்தான் என்றார்கள், கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது என்றார்கள். பெட்டரி இல்லாமல் எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை மட்டும் கேட்டார். அவரைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள்.

மூக்காயி கண்டிக்குப் போனாள். ராஜலிங்கம் முதலில் கதிரை போட்டு மரியாதையாகத்தான் பேசினார். "புள்ள சம்மதிச்சு ரேகை வச்சிருக்கு, பாருங்க" என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அடியில் நீல மையில் ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை என்றால் பெருவிரல்தான் என்று நினைத்துக்கொண்டது அவர் செய்த முதல் பிழை. "எழுத்துத் தெரியாதவ நான். எம் புள்ள பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. அவ எதுக்குப் பெருவிரல வைக்கிறா? இது யாரு விரலு?" என்று மூக்காயி கேட்டாள். வெளிநாடு போகக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பெட்டியோடு மேசையில் வைத்தாள். கமலம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள், அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கிற சத்தத்தில். ராஜலிங்கம் மேசையிலிருந்த பித்தளை யானையைத் தூக்கிப் பெட்டியின் மேல் போட்டார். அது இரண்டாவது பிழை.

பெட்டி பதினொரு துண்டாக உடைந்தது. பதினொன்றும் பேசின, ஆனால் ஒரே குரலில் இல்லை. மகளைப் பற்றிக் கேட்கத் திகனவிலிருந்து வந்திருந்த றம்லத், காலடியில் விழுந்த பொத்தான் ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தாள். ரியாத்துக்குப் போய் ஒன்றரை வருஷமாகச் செய்தியில்லாத அவளுடைய மகள் ஹிதாயா அதற்குள் இருந்தாள். மூக்காயி மூடியை எடுத்துக்கொண்டாள். மற்றத் துண்டுகளும் ஒவ்வொரு தாயாகத் தேடிப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலை பதினொரு பெண்களும் ராஜலிங்கத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் தெருவுக்குச் சத்தமாகச் சொன்னார்கள். எந்த வீடு, எந்தப் பூட்டு, யார் கொண்டுபோய் விட்டது. எழுப்ப வந்த பொலிஸ்காரர் ஒரு துண்டை வாங்கிக் காதில் வைத்தார். வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்த அவருடைய சொந்த அக்கா சிங்களத்தில் அழுதாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நான்காம் படியில் உட்கார்ந்தார். வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள் என்று யாரோ மூக்காயிக்கு ஞாபகப்படுத்தியபோது, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றாள். பேரும் வெட்டினார்கள். அவள் நகரவில்லை.

பத்தொன்பது நாள் ஒரு பிள்ளையும் பாஸ்போர்ட்டோடு அந்தப் படியேறவில்லை. இருபதாம் நாள் ராஜலிங்கம் இறங்கி வந்து கமலத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றார். ஒருத்தியைக் கொடுத்தால் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். ஆவணி பிறந்து நான்காம் நாள் கமலம் வீட்டுக்கு வந்தாள். பாதியாகியிருந்தாள், கையில் ஒரு பை மட்டும். மூக்காயி மூடியைக் காதிலிருந்து எடுத்தாள். அதில் இனி ஒன்றுமில்லை. "யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சுத்தாம்மா பேசுனேன்" என்றாள் கமலம். "எனக்குக் கேட்டுச்சு" என்றாள் மூக்காயி.

ஒரு வாரம் படுத்துக் கிட என்று லயமே சொன்னது. கமலம் மறுநாள் காலையிலேயே தாயோடு கண்டிக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். றம்லத் பொத்தானை அவள் காதில் வைத்தாள். ஹிதாயாவின் அழுகைக்குப் பின்னால் ஒரு பொம்பிளை அரபியில் கத்துவது எல்லோருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. குர்ஆன் ஓதத் தெரிந்த றம்லத்துக்குக்கூட அந்தத் தெருப் பேச்சு விளங்கவில்லை. கமலத்துக்கு விளங்கியது. கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு பொத்தானை வாய்க்குக் கிட்டப் பிடித்து, மூன்று வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த பதிலை, நல்ல அரபியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஹிதாயா, "உம்மா, அது யாரு பேசினது? மேடம் சாவிய வெச்சிட்டுப் போயிட்டா" என்றாள். கமலம் பொத்தானை றம்லத்திடம் கொடுத்துவிட்டு, அடுத்தவளுடைய துண்டுக்குக் கையை நீட்டினாள்.