ஏலத்துக்குப் போன சுரைக்காய்

வாசல் களையைக் கையால் பிடுங்கிவிடுகிறேன் என்று தனசிங் மனைவி ஹெப்சிக்கு வாக்குக் கொடுத்தது ஜூன் மாதம். செப்டம்பர் வந்த பிறகும் சேலையூர் வீட்டு முன்வாசலில் பார்த்தீனியம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பேங்க் நாற்காலியிலேயே காலம் தள்ளிய மனுஷனுக்குக் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை ஹெப்சி கடைக்குப் போன நேரம் பார்த்து, களைக்கொல்லி வாங்கிவந்து அடித்துவிட்டார். அடித்ததுதான் அடித்தார், அவளுடைய ஸ்பிரேயரிலா ஊற்றி அடிக்க வேண்டும்?

அது மொட்டைமாடித் தோட்டத்து ஸ்பிரேயர். பூச்சிக்கோ களைக்கோ மருந்து என்ற பேச்சே அந்த வீட்டில் கூடாது. மீன் கழிவில் வெல்லம் போட்டு ஊறவைத்த கரைசலைத்தான் ஹெப்சி எல்லாச் செடிக்கும் தெளிப்பாள். தனசிங் ஸ்பிரேயரை நன்றாக அலசி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார். திங்கட்கிழமை அவள் அதில் மீன் கரைசலை ஊற்றிச் சுரைக்கொடி முழுக்கத் தெளித்தாள்.

போன வருஷம் போட்ட கொடி பிஞ்சிலேயே கருகிவிட்டது. இந்த முறை காய்த்தால் முதல் காய், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்கு என்று ஹெப்சி கர்த்தரிடம் பொருத்தனை செய்து நேர்ந்திருந்தாள். ஒரே ஒரு காய், நல்ல பச்சையாய்த் தொங்கியது. வியாழக்கிழமை கொடியின் நுனி முறுக்கிக்கொண்டது, இலையெல்லாம் கிண்ணம்போலக் குவிந்தது. கீழே வாசலில் பார்த்தீனியமும் அதே மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. அலசியும் ஸ்பிரேயரில் களைக்கொல்லி மிச்சம் இருந்திருக்கிறது என்று தனசிங்குக்குப் புரிந்தது.

"வெயில் ஜாஸ்தி, அதான்" என்றார்.

"ம்" என்றாள் ஹெப்சி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷாமியானாவின் கீழ் காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கியது. மைக் ஆலயத்து வாலிபர் சங்கத்து டெனிஸின் கையில். ஹெப்சி காலையில் பறித்துக் காணிக்கையாக வைத்த சுரைக்காயைக் குழந்தையைப்போலத் தூக்கிக் காட்டினான்.

"ஹெப்சி அக்கா மாடியில காய்ச்சது. ஒரு சொட்டு மருந்து கெடையாது!"

பாடகர் குழுவின் ஜீவரத்தினம் சார் உடனே கையைத் தூக்கினார். "எனக்கு வேணும்ப்பா. சுகருக்கு டெய்லி சுரைக்காய் ஜூஸ்தான், பச்சையா குடிக்கிறேன்."

பச்சையாகவா! தனசிங்கின் கையும் தானாக மேலே போனது. சார் ஏற்றினார், இவரும் ஏற்றினார். "சொந்த வீட்டுக் காய்க்கா தனசிங் அண்ணா இப்படி நிக்கிறீங்க?" என்று டெனிஸ் மைக்கிலேயே கிண்டலடிக்க, சபை முழுக்கச் சிரித்தது. ஏலம் ஒரு மூட்டை அரிசியின் விலையைத் தாண்டியபோது சார் கையை இறக்கிக்கொண்டார். பொண்டாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று பெண்கள் பக்கம் பேசிக்கொண்டார்கள். தனசிங்குக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஸ்கூட்டரில் காயைக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"ஹெப்சி, இந்தக் காயைச் சமைக்க வேணாம்."

"தெரியும்" என்றாள் பின்னாலிருந்து. "வாசல்ல களை முறுக்கிக்கிட்டு நிக்குது, மாடியில கொடி முறுக்கிக்கிட்டு நிக்குது. எனக்கென்ன கண்ணு இல்லையா?"

தனசிங் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுமா ஆலயத்துக்குக் குடுத்த?"

"பொருத்தனை பண்ணது, குடுத்துட்டேன். யாரையும் சாப்பிட விட்டிருக்க மாட்டேன். நீங்க கையை இறக்கியிருந்தா நானே எழுந்து நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பேன்."

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமையிலேருந்து காத்துக்கிட்டு இருந்தேங்க, இப்ப சொல்வீங்க, அப்ப சொல்வீங்கன்னு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதை விட, அவ்ளோ பேர் முன்னாடி ஏலம் எடுக்கிறது உங்களுக்கு ஈஸியா இருந்துச்சு, இல்ல?"